எரிக் லிடல்: பாரிஸுக்குப் பிந்தைய 20 ஆண்டுகளை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

குமரி மைதானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் சபை நடத்தும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வருகிற பிப்ரவரி 21 அன்று காலை இறைவணக்கக் கூட்டத்தில், ஸ்காட்லாந்து ஓட்டவீரரும் மிஷனெரியுமான எரிக் லிடலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். 1945இல் அவர் இறந்த நாள் அது.

ஞாயிறு பள்ளிக்குப் போன எவருக்கும் அவருடைய பாரிஸ் கதை தெரிந்திருக்கும். 1924 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று, கிறிஸ்தவர்களின் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் ஓட மறுத்தார். கடைசி நேரத்தில், தமக்குப் பழக்கமே இல்லாத 400 மீட்டருக்கு மாறி, 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். சொல்கிறவர்கள் அத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். பாரிஸில் ஓடியபோது அவருக்கு வயது 22. சீனாவில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் உயிர் பிரிந்தபோது வயது 43. நடுவில் இருந்த 20 ஆண்டுகளை, "பிறகு மிஷனெரியாகச் சீனாவுக்குப் போனார்" என்ற ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். அவர் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் போதகராகவும் வாழ்ந்தது அந்த 20 ஆண்டுகளில்தான் என்பதால், பள்ளிக்கூடத்தில் நின்று பேசுகிறவன் அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. முகாமில் இருந்தபோது, பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட்டத்துக்கு அவரே நடுவராக நின்றார் என்று ஓரிடத்தில் படித்தேன். ஒலிம்பிக் பதக்கத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காத ஓய்வுநாளைப் பிள்ளைகளின் ஹாக்கிக்காக விட்டுக்கொடுத்தார் என்றால், இரண்டில் எது சரி என்று எங்கள் பதினோராம் வகுப்பில் ஒருவராவது எழுந்து கேட்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சொந்த விஷயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு தடகளத் தெரிவுப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். என்னிடம் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி, ஆராதனை நேரம் என்பதால் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். "ஒரு வாரம் கோயிலுக்குப் போகாவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடுமா?" என்று மற்ற மாணவர்களின் முன்னால் நான் அவளைக் கடிந்துகொண்டேன். இன்று அதே வாயால் லிடலைப் புகழ்ந்து பேசப் போகிறேன். கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள். ஆகவே, அலங்காரத்தைவிட உண்மையான விவரங்களே எனக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

பழைய செய்தித்தாள் (பதில்):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பாரிஸைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சுருக்கிச் சொல்லும் பகுதியும் பிழையில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் கேள்வியிலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவை உங்களுடையவை அல்ல; 1981இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தின் வழியாக உலகம் முழுவதும் பரவியவை.

முதலாவது, அவர் கடைசி நேரத்தில் முடிவெடுக்கவில்லை. பந்தயங்களின் கால அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. 100 மீட்டரில் ஓடுவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டு, மீதமிருந்த மாதங்களை 200 மீட்டருக்கும் 400 மீட்டருக்கும் பயிற்சி செய்வதில் செலவிட்டார். கப்பல் ஏறும்போதுதான் செய்தி தெரிந்தது போலக் காட்டுவது திரைக்கதையின் தேவை. பயிற்சியாளரான உங்களுக்கு இந்த வேறுபாட்டின் எடை புரியும். கடைசி நிமிடத்து வீம்பாக அது இருக்கவில்லை. முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டு, அதன்பின் மாதக்கணக்கான உழைப்போடு நிறைவேற்றப்பட்ட முடிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் வந்த காரணத்தால் இரண்டு தொடர் ஓட்டங்களையும் அவர் விட்டுக்கொடுத்தார் என்பதைப் பெரும்பாலோர் சொல்வதே இல்லை. 100 மீட்டர் தகுதிச் சுற்று நடந்த ஜூலை 6ஆம் தேதி, பாரிஸில் இருந்த ஸ்காட்லாந்துச் சபையின் ஆலயத்தில் அவர் பிரசங்கம் செய்தார்.

இரண்டாவது, அந்தத் தூரம் அவருக்கு முற்றிலும் புதியதல்ல. 1923 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் நடந்த 440 கெஜப் பந்தயத்தில், ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இன்னொருவர் இடித்துத் தடத்துக்கு வெளியே விழுந்தார். எழுந்து நின்றபோது மற்றவர்கள் ஏறத்தாழ 20 கெஜம் முன்னால் போயிருந்தார்கள். அங்கிருந்து துரத்திப் பிடித்து அந்தப் பந்தயத்தை வென்றார். அதே மாதம் 100 கெஜத்தை 9.7 விநாடியில் ஓடி அவர் ஏற்படுத்திய பிரிட்டன் சாதனை 35 ஆண்டுகள் நிலைத்து நின்றது. பாரிஸில் 200 மீட்டரில் வெண்கலமும் பெற்றார்; தங்கத்தின் பளபளப்பில் அந்த வெண்கலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

400 மீட்டர் இறுதிப் போட்டி நாளன்று காலையில், அணியின் உடற்பிடிப்பாளர் ஒருவர் அவரிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். 1 சாமுவேல் 2:30இல் வரும், "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வசனத்தின் கருத்து அதில் எழுதப்பட்டிருந்தது. திரைப்படத்தில் காட்டுவது போல அமெரிக்க ஓட்டக்காரர் ஒருவர் அதைக் கொடுக்கவில்லை.

மைதானத்தில் நிற்கும் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓட்டம் தொடங்குவதற்கான கட்டைகள் வழக்கத்தில் இல்லை. கரிச்சாம்பல் பரப்பிய தடத்தில், கால் ஊன்றும் குழியை அவரவரே தோண்டிக்கொள்ள வேண்டும். லிடல் தம்முடைய சிறு கரண்டியைப் பக்கத்துத் தடத்துக்காரர்களுக்குக் கொடுத்து உதவுவார். பந்தயத்துக்கு முன் எல்லோரிடமும் போய்க் கைகுலுக்குவார். ஓடும் பாணி மட்டும் பார்க்கச் சகிக்காது. தலை பின்னால் சாய்ந்து முகம் வானத்தைப் பார்க்கும். கைகள் காற்றைத் துழாவும். அந்தப் பாணியை மட்டும் மாணவர்கள் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றைத் தவிர்த்துவிடுங்கள். கைதிப் பரிமாற்றத்தில் தமக்குக் கிடைத்த விடுதலையைக் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்தில் ஒரு செய்தி பரவியது. கேட்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் அதற்குத் திடமான சான்று இல்லை. உறுதியாகத் தெரிந்தவையே அவரைப் பற்றிப் பேசப் போதுமானவை.

ஆய்வகச் சாவி (பதில்):

வேதியியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், அவர் எங்கள் பாடத்தைச் சேர்ந்தவர் என்பதை முதலில் உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன். 1924 ஜூலையில், பாரிஸிலிருந்து திரும்பிய சில நாட்களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு அரங்கில் அவருக்கு இலைக் கிரீடம் சூட்டி, மாணவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள். அந்தப் புகழ் தணியும் முன்பே, 1925இல், தாம் பிறந்த ஊரான தியான்ஜினுக்கு ஆசிரியராகப் போய்விட்டார். அவருடைய பெற்றோர் லண்டன் மிஷனைச் சேர்ந்த மிஷனெரிகள். உங்கள் மாவட்டத்தில் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய அதே லண்டன் மிஷன்தான் அவரையும் அனுப்பியது. உங்கள் மாணவர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி போல இருக்கும்.

அவர் போய்ச் சேர்ந்த ஆண்டு நல்ல ஆண்டல்ல. 1925 மே 30 அன்று ஷாங்காயில் பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் இருந்த காவலர்கள் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது சுட்டதால், சீன மாணவர்களிடம் ஆங்கிலேயர் மீதான கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில், ஆங்கிலோ சீனக் கல்லூரி என்ற பள்ளியில் வெள்ளைக்கார வாத்தியாராக நின்று, அவர் அறிவியல் கற்பித்தார். மாலையில் விளையாட்டுப் பயிற்சி அளித்தார். ஞாயிறு பள்ளியையும் பொறுப்பேற்று நடத்தினார். தியான்ஜினில் இன்றும் இருக்கும் மின்யுவான் விளையாட்டரங்கத்தின் வடிவமைப்புக்கு அவர் ஆலோசனை சொன்னதாகக் குறிப்பிடுவார்கள்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது முகாமைப் பற்றி. 1943 மார்ச்சில் ஷாண்டோங் மாகாணத்து வெய்ஷியன் முகாமில் அவரை அடைத்தார்கள். முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த அந்த இடத்தில், போரில் எதிரி நாட்டவர் என்பதற்காக ஏறத்தாழ 1500 பேரைச் சுவருக்கும் முள்வேலிக்கும் உள்ளே வைத்திருந்தார்கள். அவர்களில் நிறையக் குழந்தைகள். சீஃபூ என்ற ஊரில் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியையே ஆசிரியர்களோடு அப்படியே கொண்டுவந்து அங்கே அடைத்துவிட்டார்கள். பெற்றோர் சீனாவின் வேறு மூலைகளில் இருந்தார்கள். சில பிள்ளைகள் தாய் தகப்பனைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் "எரிக் மாமா" ஆனார்.

போர் முடியும்போது படிப்பு வீணாகியிருக்கக் கூடாது என்பதற்காக, முகாமுக்குள்ளேயே ஆக்ஸ்போர்டு பாடத்திட்டத்தின்படி பள்ளியிறுதித் தேர்வு எழுதவைத்தார்கள். வேதியியல் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு சோதனைக்குழாய்கூடக் கிடையாது. லிடல் நினைவிலிருந்தே ஆய்வகக் கருவிகளைத் தாளில் வரைந்தார். குடுவை எப்படி இருக்கும், வாயுவைச் சேகரிக்கும் குழாய் எந்தக் கோணத்தில் வளையும், தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றையும் படமாக்கி, கண்ணால் பார்த்தறியாத பரிசோதனையைப் பற்றித் தேர்வில் எழுதும் அளவுக்கு மாணவர்களைத் தயார்செய்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு முறை ஆய்வகத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூன்று மாதம் பூட்டிவைத்தபோது, செய்முறைப் பாடத்தை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் தள்ளிவைத்தேன். லிடலின் படங்களைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஓய்வுபெற்ற போதகர் (பதில்):

அன்புத் தம்பிக்கு ஸ்தோத்திரம். உன் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

லிடல் குருத்துவ அபிஷேகம் பெற்றது 1932இல்தான். அதாவது ஏழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்த பிறகு, விடுமுறையில் ஸ்காட்லாந்துக்குப் போனபோது. பட்டம் இல்லாத காலத்திலும் அவர் பிரசங்கித்தார் என்பது உண்மைதான். 1923இலேயே ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரொன்றில் முதல் சாட்சியைச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் பிரசங்கத்தில் சொல்வன்மை குறைவு என்றும், பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசுவார் என்றும் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு பிரசங்கபீடத்தில் நின்று தொண்டை வறண்ட எனக்கு, இது ஆறுதலாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது.

அவரைப் போதகராக ஆக்கியது நகரத்துப் பள்ளி அல்ல. சியாவ்சாங் என்ற கிராமப் பகுதி. அங்கே போகும்படி மிஷன் கேட்டபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தாம் ஆசிரியராக இருக்கத்தான் அழைக்கப்பட்டவர் என்று நினைத்து நீண்ட காலம் தயங்கினார். கடைசியில் 1937இன் முடிவில் போனார். ஜப்பானியப் படை ஒரு பக்கம், சீனப் படைகள் மறுபக்கம், கொள்ளைக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று வயல்களெல்லாம் போர்க்களமாக இருந்த நேரம் அது. அவருடைய அண்ணன் ராபர்ட் அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் தியான்ஜினில் விட்டுவிட்டு, இவர் ஊர் ஊராக நடந்தும் சைக்கிளிலும் போய்ச் சபைகளைச் சந்தித்தார்.

1939 சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஒரு பாழடைந்த கோயிலில் காயம்பட்ட மனிதர் ஒருவர் நாட்கணக்காகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்தது. அடைக்கலம் கொடுத்தால் ஜப்பானியர் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் அவரை வீட்டுக்குள் எடுக்கவில்லை. லிடல் ஒரு வண்டிக்காரரைச் சம்மதிக்க வைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் இரவு தங்கியபோது, ஜப்பானியரிடம் அகப்பட்டால் என்ன சொல்வது என்ற குழப்பத்தோடு சீன மொழி வேதாகமத்தைத் திறந்திருக்கிறார். லூக்கா 16:10, "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற வசனம் கண்ணில் பட்டது. மறுநாள் அந்த மனிதரை வண்டியில் ஏற்றினார். திரும்பும் வழியில் இன்னொருவரைப் பற்றித் தெரியவந்தது. தலையை வெட்டுவதற்காக மண்டியிடச் சொன்னபோது மறுத்துவிட்ட அவரைக் கழுத்திலிருந்து வாய்வரை வாளால் கிழித்துவிட்டு, இறந்துவிட்டதாக நினைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவரையும் அதே வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு, தாம் பக்கத்தில் நடந்தே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முதலாமவர் பிழைக்கவில்லை. இரண்டாமவர் பிழைத்தார், அவர் ஓவியர். குணமானதும் பியோனி மலர் ஒன்றை வரைந்து நன்றிக் காணிக்கையாகக் கொடுத்தார். லிடல் அதை அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார்.

இனி ஹாக்கி. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு முகாமில் ஞாயிறு மாலைகளைப் போல நீளமானது எதுவுமில்லை. அவர்கள் விளையாட அனுமதி கேட்டபோது, அவர் முதலில் மறுத்தார். ஓய்வுநாளில் விளையாட்டை ஏற்பாடு செய்வதில்லை என்பது அவருடைய பழைய நிலை. பிள்ளைகள் தாங்களாகவே நடுவர் இல்லாமல் ஆடினார்கள். ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிடல் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாரிஸில் அவர் விட்டுக்கொடுத்தது தமக்குச் சொந்தமான ஒன்றை: தம்முடைய பந்தயம், தம்முடைய பெயர். அதில் வேறு யாருக்கும் நஷ்டம் இல்லை. திட்டு வாங்கியதும் அவர் ஒருவரே. முகாமில் மறுத்துக்கொண்டே இருந்திருந்தால், அந்த மறுப்பின் விலையைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். தம்முடைய ஓய்வுநாளுக்கான கூலியை இன்னொருவர் தலையில் சுமத்த அவர் விரும்பவில்லை. ஆகவே, "எது சரி?" என்று மாணவர்கள் கேட்டால், இரண்டு நாளும் விட்டுக்கொடுத்தது ஒரே ஆள்தான் என்று சொல், முதல் நாள் பதக்கத்தை விட்டார், இரண்டாம் நாள் தம் பழைய பிடிவாதத்தை விட்டார்.

அந்த மாணவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயே எழுதியிருக்கிறாய், அதுவே போதும்.

மாற்றுக் கருத்து (பதில்):

மேலே எழுதியவர்களின் மீது மரியாதை வைத்தே இதை எழுதுகிறேன். மிஷனெரிகளைப் புனிதர்களாக்கும் உரைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. லிடலுக்கு மனைவி இருந்தார். பெயர் ஃபுளோரன்ஸ், கனடா நாட்டு மிஷனெரி குடும்பத்துப் பெண். 1934இல் திருமணம். 1941இல், போர் நெருங்குகிறது என்பது தெளிவான பிறகு, கர்ப்பிணியாக இருந்த அவரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டு இவர் தங்கிவிட்டார். மூன்றாவது மகளை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி மே மாதத்தில்தான் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரார் பிள்ளைகளுக்கு மாமாவாக இருந்தவர், தம் பிள்ளைகளுக்குப் புகைப்படமாக மட்டுமே இருந்தார் என்பதையும் மாணவர்களிடம் சொல்வீர்களா?

இதை எழுதும்போதே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்க இறையியலாளர் லாங்டன் கில்கி இளைஞராக அதே முகாமில் இருந்தவர். பக்திமான்கள்கூட இடத்துக்காகவும் உணவுக்காகவும் எப்படிச் சண்டையிட்டார்கள் என்பதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதியவர், மிஷனெரிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கூர்மையான பேனாவே, தாம் அறிந்த மனிதர்களில் புனிதர் என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்தவர் லிடல்தான் என்று எழுதியிருக்கிறது. மாலை வேளைகளில் பதின்வயதுப் பிள்ளைகளோடு சதுரங்கப் பலகை மேலோ மாதிரிப் படகு மேலோ குனிந்துகொண்டிருந்த உருவமாகத்தான் கில்கி அவரை நினைவுகூர்கிறார். ஆகவே என் கேள்வி லிடலின் நல்ல குணத்தைப் பற்றியதல்ல. விலையைச் சொல்லாமல் புகழை மட்டும் சொல்லும் நம்முடைய வழக்கத்தைப் பற்றியது.

ஓய்வுபெற்ற போதகர்:

ஐயா, நீங்கள் சொன்னதில் மறுக்க எதுவுமில்லை. பிரிந்திருப்பது சிறிது காலத்துக்குத்தான் என்று அவர்கள் இருவரும் நம்பினார்கள், நம்பிக்கை பொய்த்தது. இறந்த நாளன்றுகூட மனைவிக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். வேலைச்சுமையால் நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டிருப்பதாக அதில் இருந்தது. உண்மையில் அது மூளையில் இருந்த கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. ஃபுளோரன்ஸ் தாதிப் பயிற்சி பெற்றவர். கனடாவில் அந்த வேலையைச் செய்து மூன்று பெண்களையும் வளர்த்தார். அவரைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லாமல் இந்த உரை முழுமையாகாது, தம்பி, குறித்துக்கொள்.

பள்ளிக் கூட்டத்தில் சொல்ல முடியாத ஒன்றைப் பெரியவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன். முகாமில் பாலியல் தொழில் செய்து பிழைத்துவந்த ரஷ்யப் பெண் ஒருவர் இருந்தார். அவர் அறைக்கு லிடல் ஒரு பலகைத் தட்டு அடித்துக்கொடுத்தார். பதிலுக்கு எதையும் கேட்காமல் தமக்கு உதவி செய்த முதல் ஆண் இவர்தான் என்று அந்தப் பெண் பிற்பாடு சொன்னாராம். அதே அறைகளுக்கு வரவே கூசிய பக்திமான்களும் அந்த முகாமில் இருந்தார்கள்.

பழைய செய்தித்தாள்:

பயிற்சியாளர் என்ற பகுதிக்கு இன்னும் யாரும் சரியாக வரவில்லை என்பதால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். முகாமில் ஹாக்கி மட்டைகள் உடைந்தால் மாற்று மட்டை கிடைக்காது. லிடல் தம் படுக்கை விரிப்புகளைக் கிழித்து, கட்டுத்துணியாக்கி, உடைந்த மட்டைகளில் இறுக்கிச் சுற்றி ஒட்டிக்கொடுத்தார். மனைவி கனடாவுக்குப் போவதற்கு முன் வீட்டிலிருந்த பொருட்களில் மிஞ்சியவை முகாமில் அப்படித்தான் செலவாயின.

இரண்டாவது, ஸ்டீபன் மெட்காஃப் என்ற மாணவர். பதினேழு வயதுப் பையனாக அந்த முகாமில் இருந்தவர். மலைப்பிரசங்கத்தை வைத்து லிடல் நடத்திய வேதபாட வகுப்பில், "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்பது உண்மையில் முடியக்கூடிய காரியமா என்ற விவாதம் வந்தது. அது வெறும் இலட்சியம்தான் என்ற முடிவுக்குப் பையன்கள் வந்துகொண்டிருந்தபோது, அடுத்த பகுதியைப் பாருங்கள், "ஜெபம்பண்ணுங்கள்" என்று இருக்கிறது என லிடல் சுட்டிக்காட்டினார். பிடித்தவர்களுக்காக ஜெபிப்பதில் நேரம் செலவிடுகிறோம். காவலுக்கு நிற்கும் ஜப்பானியருக்காக ஜெபித்துப் பாருங்கள் என்றார். மெட்காஃப் ஜெபிக்கத் தொடங்கினார். லிடல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், குளிர்காலத்தில், தேய்ந்துபோன தம் ஓட்டக் காலணிகளைத் தைத்து ஒட்டி அவரிடம் கொடுத்தார். பையனின் காலில் நல்ல செருப்பு இல்லை என்பதைக் கவனித்திருந்தார் போலும். அந்தக் காலணிகளைப் போட்டுக்கொண்டுதான் மெட்காஃப் லிடலின் சவப்பெட்டியைச் சுமந்தார். போர் முடிந்த பிறகு மிஷனெரியாகப் போனார். போன நாடு ஜப்பான்.

முகாமை 1945 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க வான்குடை வீரர்கள் விடுவித்தார்கள். லிடல் அதற்கு ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்திலிருந்து கருங்கல் கொண்டுபோய் அங்கே நினைவுக்கல் நாட்டியது. ஏசாயா 40:31 அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள்" என்ற அந்த வசனத்தை உங்கள் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

குமரி மைதானம் (கேள்வி கேட்டவர்):

நேரம் செலவழித்து எழுதிய அனைவருக்கும் நன்றி. போதகர் ஐயாவின் பதிலை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். தம் ஓய்வுநாளுக்கான கூலியை இன்னொருவர் தலையில் சுமத்தவில்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். நான் செய்தது அதற்கு நேர்மாறானது. அணியின் வெற்றிக்கான கூலியை அந்தப் பெண்ணின் தலையில் வைத்தேன். அதுவும் அவளுடைய நண்பர்களின் முன்னால்.

இன்று மாலை பயிற்சி முடிந்ததும், கடிந்துகொண்டபோது யார் யார் நின்றார்களோ அதே மாணவர்களின் முன்னால் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "பரவாயில்லை சார், நாளைக்கு ஸ்பைக்ஸ் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உரைக்கு என்னிடம் இப்போது இருபது நிமிடத்துக்கான விஷயம் இருக்கிறது. கொடுத்திருப்பது பத்து நிமிடம். எதை விடுவது என்றுதான் தெரியவில்லை.

ஆய்வகச் சாவி:

பாரிஸை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள் சார். படுக்கை விரிப்பில் கட்டிய மட்டைகளுக்கும், தாளில் வரைந்த சோதனைக்குழாய்க்கும், ஃபுளோரன்ஸ் அம்மாவுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். மீதியை அந்தக் காலணிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.